சென்னைக்குப் போனால் அப்பாவின் இதயத்துக்கு ஆபத்தா?

கேள்வி: எங்களுக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம். அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவன் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காலை நடையின்போது சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டார். அவன் அலுவலகத்திலும் இப்படி ஒன்று நடந்ததாம். அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான் அண்ணன். "அங்க ஆளுக நின்ன இடத்துல விழுந்து சாகுறாக, நான் வரல" என்கிறார் அப்பா. பெரிய நகரங்களில் இது அவ்வளவு அடிக்கடி நடக்கிறதா? அவரை அனுப்பலாமா?

பதில்: சகோதரி, அடிக்கடி நடக்கிறது என்பது உண்மைதான். நகரத்தில்தான் நடக்கிறது என்பது உண்மையில்லை. அப்பாவிடம் இதைக் கணக்கோடு சொன்னால்தான் ஒத்துக்கொள்வார், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் போய் வந்த ஊர். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களை அங்கே பதிவேடு வைத்து எண்ணுகிறார்கள். சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு 3,000 பேருக்கு மேல். ஜனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் லட்சம் பேருக்கு ஐம்பதுக்கு மேல். பல நாட்டு எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் சராசரி 55-ஐ ஒட்டித்தான் வந்தது.

இந்தியாவில் இதற்கு நாடு தழுவிய பதிவேடு கிடையாது. எனவே அந்த 55-ஐ வைத்து ஒரு மனக்கணக்குப் போடுகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி விரிந்த சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். அப்படியானால் வருடத்துக்கு ஏறத்தாழ 3,700, நாளொன்றுக்குப் பத்துப் பேர். அண்ணன் சொன்ன இரண்டு சம்பவங்கள் இந்தக் கூட்டத்தில் இரண்டுதான். இப்போது அதே கணக்கை நம் மாவட்டத்துக்குப் போடுங்கள். அதே கணக்கெடுப்பில் நாம் 13.5 லட்சம் பேர். வருடத்துக்கு 740 வருகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பரமக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் சேர்த்து, தினமும் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரை நாம் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். சென்னையில் விழுந்தால் கேமராவில் பதிவாகிறது, அன்று சாயங்காலமே எல்லோர் போனிலும் ஓடுகிறது. நம் ஊரில் விடியற்காலை கட்டிலில் அசையாமல் கிடந்தவரைப் பார்த்து "தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்" என்கிறோம். கடற்கரையில் வலை இழுத்தவர் உட்கார்ந்து சாய்ந்தால் "வாய்வு நெஞ்சுல ஏறிருச்சு" என்கிறோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை என்றால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி சிகரெட், ஏற்கெனவே இருக்கும் இதயநோய் இவைதான் ஆபத்தைத் தீர்மானிப்பவை. இவை பஸ் ஏறினாலும் கூடவே வரும், ஊரிலேயே இருந்தாலும் கூடவே இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. படகு எஞ்சினுக்கு டீசல் வரும் குழாயில் அடைப்பு விழுந்தால் எஞ்சின் திணறும், இருமும், ஆனாலும் கொஞ்ச நேரம் ஓடும். மாரடைப்பு அந்த மாதிரி. ஆள் பேசுவார், வலிக்கிறது என்பார், வியர்த்துக் கொட்டும், நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எஞ்சின் சட்டென்று நின்றே போனால் அதுதான் இதய நிறுத்தம், கார்டியாக் அரெஸ்ட். ஆள் விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு இருக்காது. முன்னது பின்னதில் போய் முடியலாம் என்பதால்தான் நெஞ்சு வலியை இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்து இரவைக் கடத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வலியே இல்லாமலும் வரலாம். காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, திடீர் அசதி எதுவானாலும் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எடுத்த எடுப்பில் மதுரைக்குக் கார் பிடிக்க வேண்டாம்.

இதயம் நின்றுவிட்டால் கதையே வேறு. பணிக்கு வந்த புதிதில் பார்த்த ஒருவரை இன்றுவரை மறக்க முடியவில்லை. கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. சட்டையெல்லாம் சோடா ஈரம். வலது கையை விரித்தால் உள்ளே வீட்டுச் சாவிக்கொத்து, அழுத்திப் பிடிக்க வைத்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. வரும் வழியில் இருபத்தைந்து நிமிடம். அந்த ஆட்டோவில் இருந்த யாருக்கும் அன்பில் குறைவில்லை, உயிரைக் கொடுத்து ஓடிவந்திருக்கிறார்கள். நெஞ்சில் கை வைத்து அழுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்தப் பொறுப்பு எங்களைப் போன்ற மருத்துவர்களுடையது என்று நினைக்கிறேன்.

சாவி ஏன் வந்தது தெரியுமா? இதயம் நின்ற முதல் சில நொடிகளில் சிலருக்கு உடல் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்கள் காக்காய் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். அதோடு, வலையிலிருந்து எடுத்துப் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அப்படி எப்போதாவது ஒரு மூச்சு இழுக்கும், குறட்டை போலச் சத்தம் வரும். "மூச்சு இருக்கு, ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். அது மூச்சே இல்லை. தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, சீரான மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் செய்ய வேண்டியது இதுதான். 108-ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். தெருப் பெயர் சொன்னால் வண்டிக்காரருக்குப் புரியாது என்றால் சர்ச், பள்ளிவாசல், கோயில் என்று அடையாளம் சொல்லி, ஒரு பையனை ரோட்டு முனைக்கு அனுப்புங்கள். ஆளைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். கயிற்றுக் கட்டிலில் அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும். மணலில் கிடந்தால் அலை நனைத்து இறுகிய பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் அடுத்த கை. முழங்கை மடங்காமல், இடுப்பிலிருந்து எடை இறங்கும்படி, 5 முதல் 6 செ.மீ. வரை அழுத்தி முழுசாக விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாய்விட்டு எண்ணினால் வேகம் தவறாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எவ்வளவு பலசாலியானாலும் கை தளர்ந்துவிடும். விலா எலும்பு முறியுமோ என்று பயப்பட வேண்டாம். முறிந்தாலும் எலும்பு பிறகு கூடிவிடும். வாயில் ஊதத் தயக்கம் என்றால் அழுத்தினால் மட்டும் போதும். பயிற்சி இல்லாதவர்களுக்கு அழுத்தம் மட்டும் என்ற முறையைத்தான் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் வகுத்துத் தந்தார்கள்.

கடலோரத்துக்கு ஒரு விதிவிலக்கு. தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் நின்றது மூச்சு. எனவே அவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது.

நிமிடக் கணக்கைச் சொல்கிறேன். ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய கை மீறிவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், அமாவாசைக் கூட்டத்தில் பாம்பன் பாலத்தில் நிற்கும் வண்டி வரிசையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் மாலை நேரத்து ரோடும் அப்படித்தான். அதனால்தான் சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் லிப்ட் பக்கத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை மாட்டிவைத்து, சாதாரண ஜனங்களுக்கு அழுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். விழுந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வண்டி வருமுன் யாரோ ஒருவர் கை வைத்துவிடுகிறார் அங்கே. இந்தச் சம்பவங்களில் பத்தில் ஏழு வீட்டில்தான் நடக்கின்றன. அதாவது அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது, மகளுடையது.

சரி, அப்பாவை அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம். அடைப்பை நீக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி சென்னையில் பக்கத்தில் இருக்கும், அது பெரிய விஷயம். ஆனால் அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை அப்பா பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருப்பாரா? எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். விழுவதைக் கண்ணால் பார்க்க ஆள் இருந்தால்தான் மேலே சொன்ன எதுவும் நடக்கும். பகலில் கீழே இறங்கி நாலு பேரோடு உட்காரட்டும், எதிர்வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். அந்தக் குடியிருப்புச் சங்கத்தில் காவலாளி உட்பட எத்தனை பேருக்கு நெஞ்சு அழுத்தத் தெரியும் என்று அண்ணன் கேட்டுப் பார்க்கட்டும். போன மாதம் ஒருவரை இழந்தவர்கள், பயிற்சிக்கு ஆள் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்கள். கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு ஈசிஜி, எக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்து, காகிதங்களை அவர் பையிலேயே வைத்துவிடுங்கள்.

அவர் மண்டபத்திலேயே இருக்கும் நாட்களுக்கு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தலையணையை இறுக்க மடித்துத் தரையில் போட்டு, போனில் இரண்டு நிமிடம் அலாரம் வைத்து அழுத்திப் பாருங்கள், கை எப்போது நோகிறது என்று தெரியும். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் அடுத்து உட்காரவையுங்கள். அப்பா படுக்கும் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தரையைக் காலியாக வைத்திருங்கள்.