குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு நாட்பட்ட மைலொயிட் லூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய். இமட்டினிப் குளிசை தொடங்கி எட்டு மாதம். வெண்குழியக் கணக்கு இப்போது சரி. "சுகம்தானே, இனி எதுக்கு?" என்று விடப் பார்க்கிறார். வயல் செய்தவர், சொல்வழி கேளார். உயர்தரம் படிக்கும் என் மகள், "அது பொசுபோரிலேற்றத்தை நிறுத்துற மருந்து அம்மப்பா" என்கிறாள். அது என்ன சேர்?
– வாசகி, செட்டிபாளையம்

பதில்: தங்கச்சி, அப்பாவுக்கு வயல் வட்டையை வைத்தே சொல்லுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் தானாக வயலுக்குள் வராது. நீர் பங்கிடும் வட்டவிதானை துரிசை (மதகை)த் திறக்க வேண்டும், போதுமென்றால் பூட்டவும் வேண்டும்.

கலத்துக்குள் திறக்கிறவர் கைனேஸ் என்ற நொதியம். கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. (ATP) மூலக்கூறிலிருந்து ஒரு பொசுபேற்றைக் கழற்றி இன்னொரு புரதத்தில் ஒட்டிவிடும். இதுதான் மகள் சொன்ன பொசுபோரிலேற்றம். பொசுபேற்றின் மறை மின்னேற்றம் ஏறியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது, வேலை தொடங்குகிறது. பல வேளை அதுவே அடுத்த துரிசைத் திறக்கும் கைனேஸ். இப்படியே "பிரி" என்ற கட்டளை கலத்தின் கரு வரை போய்ச் சேரும். ஒட்டியதைக் கழற்றிப் பூட்டுகிறவர் பொசுபற்றேஸ். நம் உடம்பில் 500க்கு மேற்பட்ட கைனேஸ்கள். (இத்தனை விதானைமாரை வைத்து ஒரு கூட்டம் நடத்திப் பாருங்கள்!)

அப்பாவின் என்பு மச்சையில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து துண்டு மாறி ஒட்டிவிட்டன. அதில் பிறந்தது ஒரு பழுதான மரபணு; அது உண்டாக்குவது பி.சி.ஆர்-ஏ.பி.எல் (BCR-ABL) என்ற கைனேஸ். வெறியில் துரிசைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்ட விதானை அது. கட்டளை வராமலே கலங்கள் பிரிந்துகொண்டிருக்கும். ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில் இமட்டினிப் முந்தி உட்கார்ந்துவிடுகிறது. ஒட்டுவதற்குக் கையில் பொசுபேற்று இல்லை.

மகள் சொன்னது பாதி சரி. எல்லாப் பொசுபோரிலேற்றமும் நின்றால் ஆளே மிஞ்சார். இந்தக் குளிசை சில கைனேஸ்களை மட்டும்தான் மறிக்கிறது. ஆனால் அந்த வெறிகார விதானையைக் குளிசை ஊரைவிட்டே துரத்துவதில்லை. கணக்குச் சரியான பிறகும் அந்த மரபணுவோடு கலங்கள் மச்சையில் இருக்கும். அதைத் தேடத்தான் பி.சி.ஆர். (PCR) என்ற மரபணுச் சோதனை. பல வருடம் மிக நல்ல பலன் கண்ட சிலருக்கு வைத்தியர் கண்காணித்தபடி நிறுத்திப் பார்ப்பதுண்டு. எட்டு மாதத்தில், அதுவும் வீட்டில் முடிவெடுத்து, வேண்டவே வேண்டாம்.

ஒன்று கேட்டுப் பாருங்கள்: குமட்டலுக்குப் பயந்து "சுகம்" என்கிறாரோ? என் மச்சான் ஒருவர் அப்படித்தான் குளிசையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துவந்தார். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், குமட்டலுக்கு வேறு குளிசை தருவார்கள்.