15 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்: என்ன செய்வது?

கேள்வி: காசிமேட்டில் ஒரு போர்ஷனில் 2016 முதல் குடியிருக்கிறோம். வீடு என் பெயரில் எடுத்தது. எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. வாடகை 6,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. கணவருக்கு விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் மூன்று மாத வாடகை நின்றுவிட்டது. 15 நாளில் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஹவுஸ் ஓனர் மறுக்கிறார். தண்ணீர் மோட்டாரையும் போட விடுவதில்லை.

பதில்: அந்த 15 நாளுக்குப் பயந்து மூட்டை கட்டாதீர்கள், அம்மா. அது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் மாத வாடகைக்குச் சொல்லும் கெடு. வக்கீல் நோட்டீஸில் பழக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு வேண்டியது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம். இரண்டு மாத வாடகை நின்றால், பாக்கியைக் கேட்டு ஓனர் நோட்டீஸ் தர வேண்டும். அது கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், வட்டி உண்டென்றால் அதையும் சேர்த்து முழுவதும் கட்டிவிட்டால், பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. தபால் உறையைத் தூக்கிப் போடாமல், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

நகையை வைத்தாவது 18,000 ரூபாயையும் ஒரே தடவையில் கட்டுங்கள். “இப்போ பாதி, மிச்சம் அடுத்த மாசம்” என்று கொடுத்துத்தான் பலர் வழக்கில் மாட்டுகிறார்கள். ரசீதில்லாமல் ரொக்கம் வேண்டாம். ஓனரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். திரும்பி வந்த மணியார்டரே உங்களுக்குச் சாட்சி. அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஓனர் பக்கம்தான் சட்டம்: அது காலி செய்யும்போது பாக்கி போகத் திரும்ப வரவேண்டிய பணம். அவர் சம்மதிக்காமல் நீங்களாகக் கழித்துக்கொள்ள முடியாது.

எனக்குக் கவலை வாடகைப் பாக்கியைவிட அந்த வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். பழைய குடியிருப்புகளுக்கும் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது புதிய சட்டம். போடாததே காலி செய்யச் சொல்லத் தனிக் காரணம். பாக்கியைக் கட்டிய கையோடு ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யக் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, ஸ்பீடு போஸ்டில் எழுதிக் கேளுங்கள்.

மோட்டாரை நிறுத்துவது சட்டவிரோதம். பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தில் கை வைக்க ஓனருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். உடனே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

நோட்டீஸ் கெடு முடிந்தாலும் ஓனர் பூட்டுப் போட முடியாது. வாடகை நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். போலீஸை வைத்து மிரட்டுவதெல்லாம் செல்லாது. அங்கிருந்து சம்மன் வந்தால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். சம்மனை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.