கம்பளி நூற்பு, நெசவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கையால் நூற்பது, சின்னத் தறியில் நெய்வது, கம்பளிக்குச் சாயம் போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பிழைப்புக்காகச் செய்பவர்களின் கணக்கு வேறு. இது ஆசைக்குச் செய்பவர்களுக்கு.

கேள்வி: தக்ளியில் தொடங்குவதா, நேரடியாக ராட்டையே வாங்கிவிடலாமா?

தக்ளியில், அதாவது கையால் சுற்றிவிடும் கதிரில், தொடங்குங்கள். ராட்டை ஓடிக்கொண்டே இருக்கும். பழகாத கை அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தக்ளியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். முதலில் சுற்றிவிட்டு முறுக்கை ஏற்றுங்கள். பிறகு தக்ளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அந்த முறுக்கு தீரும்வரை ரோமத்தை மெல்ல இழுத்துவிடுங்கள். இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்து பழகினால் கொஞ்ச நாளில் அவை தாமாகவே ஒன்றுசேரும்.

பருத்தி நூற்கும் சின்ன உலோகத் தக்ளி கம்பளிக்கு ஒத்துவராது. அது கீழே ஊன்றிச் சுற்றுவதற்கானது, எடையும் போதாது. தொங்கவிட்டுச் சுற்றும் மரத் தக்ளியாக, 35 முதல் 50 கிராம் எடைக்குள் பாருங்கள். அதைவிட லேசாக இருந்தால் சீக்கிரம் நின்று, பின்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்த்துவிடும். ரொம்பக் கனத்தால் மெல்லிய நூல் தாங்காது.

கேள்வி: அக்கா, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. தக்ளி கீழே விழுந்து விழுந்து தரையே பள்ளமாகிவிடும் போலிருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அறுந்த முனையைப் பாருங்கள், காரணம் அங்கேயே தெரிந்துவிடும். முனை பஞ்சு பஞ்சாக, நீளமாக விரிந்திருந்தால் நூல் அறுபடவே இல்லை. ரோமங்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி வந்துவிட்டன. முறுக்கு போதவில்லை என்று பொருள். முனை வெடுக்கென்று குட்டையாக அறுந்து, மீதி நூல் தானாகச் சுருண்டுகொண்டால் முறுக்கு அதிகம். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் ஓடும். ஓர் இடம் மெலிந்தால் பக்கத்தில் உள்ள முறுக்கெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து அதை விறைப்பாக்கிவிடும்.

பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு கைக்கும் நடுவே உள்ள தூரம். நூற்பதற்காகச் சீவி வைத்த ரோமத் திரியிலிருந்து ஒரு சின்னக் குஞ்சத்தைப் பிய்த்து ரோமத்தின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் இருந்தால் கைகள் பன்னிரண்டாவது விலகியிருக்க வேண்டும். அதற்குள் பிடித்தால் ஒரே ரோமத்தின் இரண்டு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது நகராது. கை வலிக்கிறது என்று எழுதியிருந்த மூன்று பேருக்கும் இதே பதில்தான்.

அப்புறம், தரையில் ஒரு போர்வையை விரித்து வையுங்கள். தக்ளியும் பிழைக்கும்.

கேள்வி: என் நூல் ஓர் இடத்தில் கட்டியாகவும் ஓர் இடத்தில் இழையாகவும் வருகிறது. சரிசெய்ய முடியுமா?

கட்டிக்கு இரண்டு பக்கமும் பிடித்து, முறுக்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் அவிழ்த்து, மெல்ல இழுங்கள். கட்டி கரைந்து நீளும். ஆனால் எல்லாக் கட்டியையும் துரத்த வேண்டாம். முதல் சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) அப்படியே எடுத்து வையுங்கள். கை பழகிய பிறகு, வேண்டுமென்றே அந்த மாதிரி நூற்க நினைத்தாலும் வராது.

கேள்வி: மெரினோதான் சிறந்தது என்கிறார்கள். அதையே வாங்கட்டுமா?

மென்மையில் சிறந்ததுதான், ஆனால் கற்றுக்கொள்வதற்கு இல்லை. மெரினோ என்ற ஆட்டினத்தின் ரோமம் பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும், நீளமும் குறைவு. அதனால் கையில் வழுக்கும், நிறைய முறுக்கும் கேட்கும். முதல் கிலோவுக்குக் காரிடேல் இன ஆட்டின் ரோமம் வாங்குங்கள், இல்லையென்றால் ராம்னி இனம். ரோமம் நீளமாக இருக்கும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், உங்கள் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

இதோடு ஒருவர் "கம்பளி எனக்கு ஒவ்வாமை, அரிக்கிறது" என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேல் தடித்த ரோமத்தின் முனை வளையாது, தோலைக் குத்தும். கழுத்தில் சுற்றும் துணிக்கு மெல்லிய ரோமம், தரைவிரிப்புக்கும் பைக்கும் தடித்த ரோமம் என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

கேள்வி: வெட்டிய ஆட்டு ரோமம் அப்படியே ஒரு மூட்டை கிடைத்தது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குமாக இருக்கிறது. துவைத்தால் கட்டிதட்டிப் போகும் என்று பயமாக இருக்கிறது.

சூடு மட்டும் கம்பளியைக் கெடுத்துவிடாது. சூடும் ஈரமும் அலசலும் ஒன்றுசேரும்போதுதான் கெடும். ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரத்தில் அவை விரியும். அந்த நேரத்தில் கசக்கினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிறகு எதற்கும் பிரியாது. ஆகவே நனையவிடுங்கள், கிளறாதீர்கள்.

வெந்நீரையும் சோப்புக் கரைசலையும் முதலில் கலந்துவிட்டு, ரோமத்தை மேலே வைத்து, தானாக அமிழும்படி லேசாக அழுத்துங்கள். தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். அந்தப் பிசுக்கு லேனோலின் என்ற மெழுகு. கை பொறுக்கும் சூட்டில் சரியாகப் போகாது. பதினைந்து இருபது நிமிடத்தில், நீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுங்கள். ஆறவிட்டால் கரைந்த மெழுகு திரும்ப ரோமத்திலேயே ஒட்டிக்கொள்ளும், அது முதலில் இருந்ததைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும். அடுத்த நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். குழாயை நேராக ரோமத்தின் மேல் திறக்காதீர்கள்.

காய்ந்தபின் எடை போட்டுப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். மெரினோ போன்ற பிசுக்குள்ள ரோமத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மெழுகும் வியர்வை உப்பும் மண்ணுமாகவே போய்விடும்.

கேள்வி: ஒற்றைப் புரியாகவே வைத்துக்கொள்ளலாமா, இரண்டு புரியாக முறுக்கித்தான் ஆக வேண்டுமா?

ஊடைக்கு, அதாவது தறியில் குறுக்கே போகும் நூலுக்கு, ஒற்றைப் புரி (ஒரே இழை) போதும். பின்னலுக்கு இரண்டு புரி நல்லது. ஒற்றைப் புரியில் முறுக்கு ஒரே பக்கமாக இருப்பதால் பின்னிய துணி கோணலாகச் சாயும்.

நூற்றபோது வலப்பக்கமாகச் சுற்றியிருந்தால், புரிகளைச் சேர்க்கும்போது இடப்பக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று ஈடுகட்டும். முடிந்ததும் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்துத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். கீழே கனம் கட்ட வேண்டாம். கட்டினால் நூல் நீண்டதுபோல் தெரியும். முதல் துவைப்பில் சுருங்கி உங்கள் அளவையெல்லாம் கெடுக்கும்.

கேள்வி: நானே நூற்ற நூலைப் பாவாகப் போடலாமா? கடையில் வாங்கிய நூல்தான் தாங்கும் என்கிறார்களே. எவ்வளவு நூல் வேண்டும் என்றும் சொல்லுங்கள், ஒரு கழுத்துத் துணிக்குத்தான்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல். தாராளமாகப் போடலாம். முதலில் ஒரு முழ நூலை இரண்டு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். அப்புறம் அதே இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் முன்னும் பின்னும் இருபது தடவை தேயுங்கள். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சு இதையேதான் செய்யப்போகிறது. பஞ்சு எழும்பி மெலிந்தால் அது ஊடைக்கு, அப்படியே நின்றால் பாவுக்கு.

நெருக்கம் தெரிய, அளவுகோலில் ஓர் அங்குலத்துக்கு நூலைப் பக்கம் பக்கமாகச் சுற்றி எண்ணுங்கள். இருபது சுற்று வந்தால் சாதா நெசவுக்கு அதில் பாதி, அங்குலத்துக்குப் பத்து இழை. பாவு இழைகளுக்கு நடுவே ஊடைக்கும் இடம் வேண்டுமே.

கணக்கு இப்படி. 180 சென்டிமீட்டர் நீளத் துணி வேண்டும். ஊடையின் மேலும் கீழும் வளைந்து போவதில் கொஞ்சம், துவைத்துச் சுருங்குவதில் கொஞ்சம் என இருபது சதவீதம் சேர்த்தால் 216. தறியில் கட்டுவதற்கும் கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் 45. ஆகப் பாவு 261 சென்டிமீட்டர். பத்து அங்குல அகலத்துக்கு நூறு இழை என்றால் ஏறக்குறைய 260 மீட்டர் நூல். ஊடைக்கு 220 மீட்டர் ஆகும். எல்லாம் சேர்ந்து 480. ஐந்நூறுக்குமேல் நூற்றுவிட்டுத் தறியில் ஏறுங்கள். நெய்து துவைத்தபின் அகலம் எட்டரை, ஒன்பது அங்குலம்தான் நிற்கும்.

கேள்வி: நெய்யும்போது துணி நடுவில் ஒடுங்கி இடுப்பு போட்டுவிடுகிறது.

ஊடையை இழுத்துக் கட்டுகிறீர்கள். ஊடையைக் கொண்டுபோகும் நாடா போனபின் நூலை நேராக விடாமல் சாய்வாகவோ வில்போல வளைத்தோ படுக்கவைத்து, பிறகு அடியுங்கள். ஓரத்து இழை இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: இத்தனை மணிநேரம் நூற்று ஒரு துண்டு நெய்வதற்கு, கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே என்கிறார்கள் வீட்டில். என்ன பதில் சொல்ல?

வீட்டில் சொல்வது உண்மைதான். நூற்புதான் எப்போதும் நேரத்தைத் தின்றது. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டியிருந்தது. 1760களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே நேரத்தில் பல கதிர் ஓட்டும் ஜென்னி என்ற நூற்பு எந்திரத்தைச் செய்ததே அந்த நெருக்கடியில்தான். எனவே சிக்கனம் என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தக்ளியைச் சுற்றுங்கள்.

கேள்வி: சமையல் மஞ்சளால் கம்பளிக்குச் சாயம் போடலாமா?

போடலாம், பளிச்சென்று பிடிக்கும், வெயிலில் வெளுத்தும் போகும். நிற்கிற நிறம் வேண்டுமானால் படிகாரம் ஊட்டிவிட்டு மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தரும் வேர்) போடுங்கள். உலர்ந்த கம்பளி 100 கிராமுக்குப் படிகாரம் 10 முதல் 15 கிராம். கொதிக்கவிட வேண்டாம், 80 டிகிரியில் ஒரு மணிநேரம் போதும். பாத்திரத்திலேயே ஆறவிட்டு எடுங்கள். சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், மஞ்சள்தானே என்றாலும்.

கேள்வி: லேபிள் இல்லாத நூல். கம்பளியா அக்ரிலிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னத் துணுக்கை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்புக் குண்டாகும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

கேள்வி: பந்து செய்யலாம் என்று கம்பளி நூலைச் சோப்பு நீரில் எவ்வளவோ தேய்த்தும் இறுகவே இல்லை. ஏன்?

உறையில் மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்ததா? அந்த நூலில் செதில்களை மழுக்கியோ மேலே பூச்சுப் பூசியோ விட்டிருப்பார்கள். மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் எத்தனை தேய்த்தாலும் இறுகாது. சாதாரணக் கம்பளித் திரி வாங்கிச் செய்யுங்கள்.

கேள்வி: பெட்டியில் வைத்த சிட்டங்களில் பூச்சி ஓட்டை போட்டுவிட்டது. நறுமணப் பை வைத்தால் போதுமா?

போதாது. வாசனை முட்டையை ஒன்றும் செய்யாது. நூலைத் தின்பது பறக்கிற அந்து இல்லை, அதன் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட கம்பளி அதற்கு ரொம்பப் பிடிக்கும், ஆகவே துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். இப்போது இருப்பதைக் காற்றுப் போகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் நூலில் ஈரம் பிடிக்கும். பெட்டியின் மூலை முடுக்குகளையும் துடைத்து எடுங்கள். அறுந்த சிட்டத்தைத் தூக்கிப்போட வேண்டாம், நல்ல துண்டுகளாகப் பிரித்து ஊடைக்கு வைத்துக்கொள்ளலாம்.