ராகி களிக்குள் கோதுமை எப்படி வந்தது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று சேலத்தில் குடலில் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ஆறு மாதமாக வீட்டில் சப்பாத்தி, பூரி, பிஸ்கெட் எதுவும் கிடையாது. ராகி களி, சோறு, சாம்பார், ரசம்தான். ஆனாலும் வயிற்று உப்புசம் போகவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் நோயைக் காட்டும் அளவு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. கோதுமையே வாங்காத வீட்டுக்குள் அது எப்படி வருகிறது?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் அசல் பெருங்காயப் பிசினை நம்மால் அப்படியே பயன்படுத்த முடியாது, அவ்வளவு காட்டம். அதனால் கோந்தும் மாவும் சேர்த்து ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று விற்கிறார்கள். இது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதிக்கும் முறைதான். சேர்த்த மாவு அரிசியா, மைதாவா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். “தூளில்தான் மாவு, கட்டி சுத்தம்” என்று மளிகைக் கடையில் சொன்னால் நம்பாதீர்கள். கட்டியிலும் மாவு உண்டு. சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி என்று வேளைக்கு ஒரு சிட்டிகையாகப் போய்க்கொண்டே இருக்கும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நாலு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள், ரசம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு துண்டு பிரெட்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிகிராம், தினமும் உள்ளே போனாலே சீலியாக் உள்ளவரின் குடல் கெடும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த சந்தேகம் மாவு மில் மேல். நம் ஊரில் ராகி விளைகிறது, 2023 முதல் தருமபுரி ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகியே தருகிறார்கள். ராகியில் குளூட்டன் கிடையாது. ஆனால் நீங்கள் தூக்கைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் தங்கிய கோதுமை மாவு உங்கள் ராகியோடு சேர்ந்துதான் இறங்கும். முதலில் ஒரு கிலோ அரிசியை ஓட்டி அதை மாட்டுக்கு வைத்துவிடலாம் என்பார்கள். குறையுமே தவிர முழுக்கப் போகாது. கைக்கு முடிந்தால் வீட்டிலேயே அரைக்கும் சின்ன மெஷின் வாங்குங்கள். எதையும் வாங்கச் சொல்லத் தயங்குகிறவன் நான்; இதை மட்டும் சொல்வேன். அரைப்பதற்கு முன் ராகியைச் சலித்துக் கழுவிக் காயவையுங்கள். ராகி பொடிசு, கோதுமை பெரிசு, சல்லடையிலேயே நின்றுவிடும்.

இன்னும் இரண்டு இடம். கடையில் வாங்கும் சத்துமாவிலும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு; தம்பி தங்கைக்குக் கரைக்கும் கரண்டி இவள் டம்ளருக்கு வரக்கூடாது. பாலில் கலக்கும் சத்துபானப் பொடியில் ‘மால்ட்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பார்லி, அதிலும் குளூட்டன். ராகியை முளைகட்டிச் செய்யும் ராகி மால்ட் வேறு.

பள்ளியில் சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. ரவை உப்புமா, சேமியா போடும் நாளில் சமைக்கும் அம்மாவிடம் பேசிவையுங்கள். ரவையும் கோதுமைதான் என்று தெரியாதவர்கள் நிறையப் பேர். இத்தனையும் சரிசெய்தாலும் ரத்த அளவு இறங்க ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனாலும் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம், உப்புசத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

கேள்வி: எனக்கும் இதே நோய். வேலை காரணமாக கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கம்தான் மதியச் சாப்பாடு. ஹோட்டலில் எதைக் கேட்டுச் சாப்பிடலாம்?

பதில்: சோறு, தயிர், வெறும் பொரியல், வேகவைத்த முட்டை. தோசை அரிசிதான், ஆனால் பரோட்டா போட்ட கல்லிலேயே ஊற்றுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். சில்லி சிக்கன், கோபி வேண்டாம்: மாவில் மைதா, சோயா சாஸிலும் கோதுமை. சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். பஜ்ஜி கடலைமாவுதானே என்று நினைக்காதீர்கள், சமோசா பொரித்த எண்ணெயிலேயே அதுவும் வேகும்.

கேள்வி: ஓசூரில் ஒரு கடையில் ‘ராகி பிஸ்கெட்’ வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னால் முதல் பொருளே மைதா. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் ராகியைப் பெரிதாகக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையும் வேண்டும். இதெல்லாம் உங்கள் பாக்கெட்டில் சரியாக இருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், வழக்கில் உங்கள் பக்கம் பலமில்லை. சதவீதமோ எச்சரிக்கையோ இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால் கதையே வேறு. அப்படிப் போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப்போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

‘மைதா இல்லை’ என்ற வார்த்தையிலும் ஏமாறாதீர்கள். ஆட்டா போட்டிருப்பார்கள்.

கேள்வி: என் தம்பிக்கும் இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடவா?
- அரூர் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்திலும் குடலிலும் நோய் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிடக்கூடும். முதலில் பரிசோதனை, பெருங்காய டப்பாவை அதற்குப் பிறகு திருப்பிப் பார்க்கலாம்.