சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

“ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக மாதம் 38,000 சம்பளம் வாங்கினேன். அமெரிக்க வரிக்குப் பிறகு ஆர்டர் குறைந்து வேலை போனது. இப்போது வேறிடத்தில் 24,000. பர்சனல் லோன் 3.4 லட்சம், இரண்டு கிரெடிட் கார்டில் 1.8 லட்சம், பைக் லோன் 50,000, மனைவி பெயரில் குழுக் கடன் 42,000 பாக்கி. லோனும் கார்டும் நான்கு மாதமாகக் கட்டவில்லை. ஊரில் நிலம் விற்ற பணத்தில் அண்ணன் 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார், கைக்கு வர மூன்று மாதம் ஆகும். அதை வைத்து செட்டில்மென்ட் (ஒரு தொகையைக் குறைத்துப் பேசிக் கட்டிக் கணக்கை முடிப்பது) செய்ய வங்கிக்கு மெயில் போட்டிருக்கிறேன். அதுவரை எப்படித் தாக்குப்பிடிப்பது? ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது போன். மாமனாருக்கும் ஆபீசுக்கும் அடிக்கிறார்கள். போன வாரம் இரண்டு பேர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார்கள். ‘நாளை வாரன்ட்’ என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. ஐ.பி. (திவால் மனு) கொடுத்துவிடு என்கிறார் நண்பர். சில ராத்திரி எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது.”

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். இன்று இரவே மனைவியிடமோ அண்ணனிடமோ இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 டெலி-மானஸ் என்கிற மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. ஆறு லட்சம் சொச்சம் கடன், 24,000 சம்பளம், தோள் கொடுக்க ஒரு அண்ணன். இதைவிட மோசமான கணக்குகள் முடிந்து நான் பார்த்திருக்கிறேன்.

நான் வக்கீல் தொழிலுக்கு வருமுன் சில வருடம் வங்கியில் வசூல் பிரிவில் இருந்தவன். அந்தப் பக்கம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உங்களுக்குப் போன் செய்கிற பையன் பெரும்பாலும் வங்கி ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள். வசூலாகிற பணத்தில்தான் அவனுக்குக் கமிஷன். தவணை தவறி 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கணக்குகளை ‘பக்கெட்’ பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மாதக் கடைசிக்குள் டார்கெட் முடிக்க வேண்டும். அதனால்தான் 25-ம் தேதிக்கு மேல் குரல் ஏறும், 2-ம் தேதி திடீரென்று அமைதியாகும். உங்கள் கடனைக் குறைக்கவோ, தவணை தரவோ, வழக்குப் போடவோ அவனுக்கு அதிகாரம் இல்லை. அவனிடம் நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அது எங்கும் பதிவாகாது. அடுத்த மாதம் கணக்கு வேறு ஏஜென்சிக்குப் போகும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

இந்த நிலையில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கு 2,000, 3,000 என்று கட்டி வாயை அடைப்பது. வாய் இரண்டு நாள்கூட அடைபடாது. அந்தக் காசு பெரும்பாலும் வட்டிக்கும் அபராதத்துக்கும் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். செட்டில்மென்டுக்கு வைத்திருக்க வேண்டிய பணமும் கரையும்.

கட்டுகிற வரிசையைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டாவிட்டால் என்ன போகும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். முதலில் வீட்டு வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு. அடுத்து பைக், ஏனென்றால் அது அடமானக் கடன். தவணை நின்றால் வண்டியை எடுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கும், வண்டி போனால் வேலைக்குப் போக முடியாது. அப்புறம் மனைவியின் குழுக் கடன். தொகை சின்னது, ஆனால் நீங்கள் கட்டாதது அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில் விழும், அந்த உறவு திரும்ப வராது. பர்சனல் லோனும் கார்டும் கடைசி. அடமானம் இல்லாத கடனுக்கு ஏஜென்ட் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன்கூட எடுத்துப் போக முடியாது. கோர்ட் தீர்ப்பு வாங்கி, கோர்ட் மூலமாகத்தான் எதையும் செய்ய வேண்டும். அதிகம் கத்துகிறவர்கள் இவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். கையில் வேறு பிடி இல்லாததால் வரும் கத்தல் அது.

கார்டு கட்டுவதற்காக வெளியே வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிற 2003-ம் வருடச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக அந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

சரி, போனுக்கு வருவோம். சுவிட்ச் ஆஃப் செய்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆளைக் காணவில்லை என்றால் மாமனாருக்கு அடிக்க அதுவே அவர்களுக்குச் சாக்கு. ஒரு நாளைக்கு ஒரு முறை எடுங்கள், இதை மட்டும் சொல்லுங்கள்: “கடன் இல்லை என்று நான் சொல்லவில்லை. செட்டில்மென்ட் கேட்டு இன்ன தேதியில் வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயர், ஏஜென்சி பெயர், அடையாள எண் என்ன?” கடைசிக் கேள்விக்குப் பல பேர் போனை வைத்துவிடுவார்கள். ‘இந்த வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவர்கள் கணினியில் வாக்குறுதியாக ஏறும், தவறினால் அதை வைத்தே நசுக்குவார்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வாருங்கள். கெட்ட வார்த்தை என்றால் அதையும் அப்படியே.

அந்த நோட்டு எதற்கு? ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவின்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, விடாமல் போன் அடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. குழுக் கடனுக்கு விதி இன்னும் கறார்: காலை 9 முதல் மாலை 6 வரைதான். பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். ஆக, உங்கள் விஷயத்தில் அவர்கள் ஏற்கெனவே மூன்று விதிகளையாவது மீறியிருக்கிறார்கள்.

வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்கள். முகவரி வங்கியின் இணையதளத்திலேயே இருக்கும். அதில் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, நோட்டிலிருந்து நான்கைந்து சம்பவங்கள், தேதி நேரத்தோடு. இரண்டு, உங்கள் நிலைமை: வேலை போன கடிதம், புதுச் சம்பளச் சீட்டு, பணம் எந்த மாதம் வரும், அதுவரை அவகாசம் தேவை. புகார் நிலுவையில் இருக்கும்போது வங்கி அந்தக் கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்பது பொதுவான விதி. வீண் புகார் என்று வங்கி நினைத்தால் மட்டும் விலக்கு. அதனால் புகாரைக் கோபமாக எழுதாமல் கணக்காக எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம். இணையத்தில் போடலாம், கட்டணம் இல்லை. சந்தேகத்துக்கு 14448.

வாசலில் வந்து நிற்பவர்களிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் வரவே கூடாது. இருந்தாலும் உள்ளே விட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பேசுங்கள், குரல் தானாகவே இறங்கும். மிரட்டினாலோ, போகச் சொல்லியும் போகாவிட்டாலோ 100-க்கு அடியுங்கள். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழக அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது, 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். உங்கள் விஷயத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு புகார் மனுவில் குறிப்பிடுங்கள். ஸ்டேஷனில் மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

வாட்ஸ்அப் வாரன்ட் பெரும்பாலும் வெறும் படம். உண்மையான சம்மன் கோர்ட் வழியாக வரும், வழக்கு எண் இருக்கும். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். வெறுமனே கடன் கட்டாமல் இருப்பது கைதுக்குரிய குற்றம் இல்லை.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். லோன் வாங்கும்போது செக் கொடுத்திருப்பீர்கள், கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நாச் உத்தரவு கொடுத்திருப்பீர்கள். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ம் பிரிவு, நாச் திரும்பினால் 2007-ம் வருடப் பணப் பரிமாற்றச் சட்டம் 25-ம் பிரிவு. இரண்டும் கிரிமினல் வழக்கு, 2 வருடம் வரை தண்டனை உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் சமரசத்தில் முடியும், ஆனால் ஆஜராகாமல் இருந்தால்தான் நிஜமான வாரன்ட் வரும். ஆகவே வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வந்த தேதியை உறையில் எழுதுங்கள். பணம் கட்டுவதற்கான 15 நாள் கெடு அதிலிருந்துதான் ஓடும். அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சம்பளம் விழுகிற கணக்கும் கடன் வாங்கிய வங்கியும் ஒன்றா? ஒன்றென்றால் இந்த வாரமே வேறு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை மாற்றுங்கள். பாக்கிக்காக அந்தக் கணக்கில் வங்கி கை வைத்தால் மாதம் முழுக்கக் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

செட்டில்மென்டில் என் அனுபவம்: அண்ணன் பணம் கைக்கு வருவதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் தலையாட்டாதீர்கள். ‘இந்த மாதக் கடைசிக்குள் 90,000, இல்லாவிட்டால் ஆஃபர் போய்விடும்’ என்பார்கள். போகட்டும், அடுத்த காலாண்டில் வேறு ஆஃபர் பெரும்பாலும் வரும். கையில் 2 லட்சம் என்று முதலிலேயே சொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு கடனுக்கும் தனியாகப் பேசுங்கள், எழுத்தில். கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில் அல்லது வங்கியின் சொந்த மெயிலிலிருந்து வர வேண்டும். கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, ‘இத்துடன் கணக்கு முழுமையாக முடிந்தது’ என்ற வாசகம், செக்குகளைத் திருப்பித் தருவது, வழக்கு இருந்தால் வாபஸ், இவ்வளவும் இருக்கிறதா பாருங்கள். பணம் கடன் கணக்குக்கு மட்டும். ஏஜென்டின் ஜிபேவுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, இன்னும் மாதம் ஒருவர் அப்படி ஏமாந்து வருகிறார்.

செட்டில்மென்டுக்கு விலை உண்டு. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், கொஞ்ச காலம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். இப்போதைக்கு அது நல்லதுக்குத்தான் என்பது என் கருத்து.

வங்கி இறங்கி வரவில்லை என்றால் திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) மனுக் கொடுங்கள். வழக்கு தொடங்கும் முன்பே கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வங்கியின் அதிகாரம் உள்ள ஆளை நேருக்கு நேர் உட்கார வைக்கும் இடம் அது. ஆனால் அங்கே கையெழுத்தானது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணையை 24,000 சம்பளத்தில் உண்மையில் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘கடனைப் பாதியாக்கித் தருகிறோம், எங்களுக்கு மாதம் இவ்வளவு கட்டுங்கள்’ என்கிற கம்பெனிகள் செய்வதும் இதே கடிதப் போக்குவரத்தைத்தான், பீஸ் வாங்கிக்கொண்டு.

கடைசியாக ஐ.பி. நம் ஊரில் மஞ்சக் கடுதாசி என்று கேலி பேசுவோமே, அது. 2016-ல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் 1920-ம் வருடச் சட்டம்தான், சார்பு நீதிமன்றத்தில் மனு. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று சொல்கிற அளவுக்குப் பழசு. மனுப் போட்ட அன்றே போன் நின்றுவிடும் என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். அப்படித் தானாக எதுவும் நிற்காது, கோர்ட் பாதுகாப்பு உத்தரவு தர வேண்டும். திவாலானவர் என்று அறிவித்தால் உங்கள் சொத்து, ஊர் நிலத்தில் உங்களுக்கும் பங்கு இருந்தால் அதுவும் சேர்த்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். பைக் கம்பெனியின் உரிமை அப்படியே நிற்கும். விடுவிப்பு உத்தரவு வாங்கும் வரை, திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினால்கூடக் குற்றம். அண்ணன் பணம் வரும் என்கிற நிலையில் உங்களுக்கு இது தேவையில்லை. அந்தப் பணம் வராமலே போனால் மறுபடி எழுதுங்கள், அப்போது இதைப் பற்றி விரிவாகப் பேசலாம்.

மாமனாரிடமும் ஆபீஸ் எச்.ஆரிடமும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: “வேலை போனதால் கடன் நின்றுவிட்டது, வங்கியோடு பேசிக்கொண்டிருக்கிறேன், யாராவது அடித்தால் என்னிடம் பேசச் சொல்லி வைத்துவிடுங்கள்.” ஜாமீன் கையெழுத்துப் போடாத யாருக்கும் உங்கள் கடனில் பொறுப்பு இல்லை என்பதையும் மாமனாருக்குப் புரியும்படி சொல்லுங்கள். பாவம், அவர் தன் வீட்டுக்கு ஆள் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருப்பார்.