கஸ்டம் பைக்கில் பின் இன்டிகேட்டரை எங்கே மாற்றி வைப்பது?

கேட்டவர் சொன்னது இது: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி பாபர் (தேவையில்லாததைக் கழற்றி, மட்கார்டை வெட்டிய பைக் ஸ்டைல்) மாதிரி செய்கிறார். பழைய இன்டிகேட்டர் உட்கார்ந்திருந்த இடமே போய்விட்டது. ஷாக் அப்சார்பரில் கிளாம்ப் போட்டு வைக்கலாமா, எல்இடி போட்டால் வேறு எதை மாற்ற வேண்டும் என்கிறார்.

ஷாக்கில் வேண்டாம். நம்பர் பிளேட்டின் இரண்டு ஓரத்திலும் வையுங்கள். என் பழைய கிளாசிக்கிலும் அங்கேதான் இருக்கிறது. பார்க்க அத்தனை அழகில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

இருசக்கர வண்டிகளின் விளக்குகள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் 53-ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. அதன்படி பின் இன்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவே, ஒளிரும் பகுதியின் உள் ஓரத்திலிருந்து அளந்தால், குறைந்தது 180 மி.மீ. இடைவெளி வேண்டும். தரையிலிருந்து உயரம் 350 மி.மீ.க்கும் 1200 மி.மீ.க்கும் இடையில். வண்டியின் கடைசி முனையிலிருந்து 300 மி.மீ.க்கு மேல் முன்னால் தள்ளி இருக்கக் கூடாது. நம் ஊர் இருசக்கர வண்டியின் பின் நம்பர் பிளேட் 200 மி.மீ. அகலம். அதன் இரண்டு பக்கமும் வைத்தாலே 180 தானாக வந்துவிடும். வண்டியின் கடைசியில் இருப்பதால் 300 கணக்கும் சரி. உயரத்தை மட்டும் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டையே சக்கர அச்சுப் பக்கம் இறக்கிவிடும் பாபர் ஸ்டைல் என்றால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

ஷாக்கின் மேல் போல்ட்டில் வைத்தால் என்ன ஆகும்? பின்னால் யாராவது உட்கார்ந்தால் அவர் கால் மறைக்கும். புடவையோ துப்பட்டாவோ காற்றில் விரிந்தால் இடது விளக்கு இருப்பதே தெரியாது. சைடு பேக் மாட்டினால் இரண்டுமே போச்சு. நேர் பின்னால் வருபவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் ஏறி வருகிற ஆட்டோக்காரருக்கும் அது தெரிய வேண்டும். அந்த ஒழுங்குமுறை வெளிப்பக்கம் 80 டிகிரி வரை தெரிய வேண்டும் என்பதும் அதனால்தான். இன்னும் சிலர் ஷாக்கின் கீழ்ப்பகுதியிலோ, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மிலோ வைக்கிறார்கள். சக்கரம் வாங்கும் ஒவ்வொரு குலுக்கலும் நேராக விளக்குக்குப் போகும். சாதா பல்பு என்றால் இழை சீக்கிரமே அறுந்துவிடும்.

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விரல் நகம் அளவு அம்புக்குறி எல்இடி தொங்கும். இரவில் அருமை, மதியம் ஒன்றும் தெரியாது. கறுப்பு ஸ்மோக் கண்ணாடியும் அதே கதைதான். வாங்குமுன் கடைக்காரரிடம் பேட்டரி கொடுத்து எரியச் சொல்லி, வெயிலில் தள்ளி நின்று பாருங்கள். நிறம் ஆரஞ்சு மஞ்சளாகவே இருக்கட்டும். அமெரிக்காவில் பின்னால் சிவப்பு செல்லும், இங்கே செல்லாது.

அடுத்தது வயரிங். நேரம் முழுக்க இங்கேதான் போகும். சில இன்டிகேட்டர்களுக்குத் தனி எர்த் வயர் இருக்காது, தண்டு மாட்டிய இரும்பு வழியாகவே எர்த் எடுக்கும். நீங்களோ பிராக்கெட்டுக்குப் பவுடர் கோட்டிங் அடித்திருப்பீர்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். விளக்கு மங்கலாக எரிகிறதா, இன்டிகேட்டர் போடும்போது டெயில் லேம்பும் கூடவே சிமிட்டுகிறதா? அப்படியென்றால் எர்த் ஒழுங்காக இல்லாமல் மின்சாரம் டெயில் லேம்ப் வழியாகச் சுற்றிப் போகிறது. பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் இரண்டு பக்கத்துக்கும் தனி எர்த் வயர் இழுத்து மெயின் வயரிங்கின் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள்.

வெறும் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் துண்டு) போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) மாட்டுங்கள். மட்கார்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் (ஓட்டையின் ஓரத்தை மூடும் வளையம்) கட்டாயம். வெட்டிய தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அப்புறம் டயர். பழைய கிளாசிக்கில் பின்சக்கரம் 80 மி.மீ. வரை மேலே ஏறும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டயருக்கும் வயருக்கும் இடைவெளி பாருங்கள், 80-ஐவிடத் தாராளமாக இருக்க வேண்டும். தனியாக ஓட்டும்போது உரசாது. பின்னால் ஆள் வைத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதுதான் உரசும்.

எல்இடி விஷயம் சுருக்கமாக. சாதா பல்பு 10 வாட், ஒரு பக்கத்துக்கு இரண்டு. எல்இடி ஓரிரு வாட்தான் இழுக்கும். இன்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃப்ளாஷர் அந்தக் குறைந்த லோடைப் பார்த்துக் குழம்பிப்போகும்: சூட்டில் வேலை செய்யும் வகை சிமிட்டாமல் நிற்கும், எலக்ட்ரானிக் வகை பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடவென்று அடிக்கும். சரியான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை. ரெசிஸ்டர் போட்டு லோடைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். அது கையைச் சுடும், மிச்சமான மின்சாரத்தையும் சூடாக வீணடிக்கும். லோடைப் பார்க்காத எல்இடி ஃப்ளாஷர் வாங்கி மாற்றிவிடுங்கள், முன்னால் பழைய பல்பே இருந்தாலும் பிரச்சினை இல்லை. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிக்னல் விளக்கு இருக்கும் வண்டியில், நாலு இன்டிகேட்டரும் சேர்ந்து எரிவது உண்டு. அந்தச் சின்னப் பல்பு வழியாக மின்சாரம் எதிர்ப்பக்கம் போய்விடும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு போட்டு இரு பக்கத்தையும் பிரித்தால் நின்றுவிடும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். இன்டிகேட்டரைவிட வெட்டிய மட்கார்டுதான் முதலில் கண்ணில் படும். அதனால் ஒரிஜினல் மட்கார்டில் இன்னும் கை வைக்கவில்லை என்றால், சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழையது ஒன்று வாங்கி அதை வெட்டுங்கள். ஒரிஜினலை இன்டிகேட்டர், நட்டு, போல்ட்டோடு பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.