உப்பளத்துக்கு எந்தப் பம்பு?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் எங்கள் உப்பளத்தில் கடல்நீர் ஏற்றும் பம்பை மாற்ற வேண்டும். விலை குறைந்ததை வாங்கலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; பம்பு உழைக்கும் காலம் முழுவதற்குமான செலவில் மின்கட்டணமே பெரும்பங்கு. மணிக்கு 7.5 யூனிட் இழுக்கும் பம்பு நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 22,500 யூனிட் ஆகும். அதன் திறன் (இழுக்கும் மின்சாரத்தில் நீரேற்றப் பயன்படும் பங்கு) 50 விழுக்காடு என்றால், அதே நீரை அதே உயரத்துக்கு ஏற்றும் 65 விழுக்காட்டுத் திறனுள்ள பம்பு ஏறத்தாழ 5,200 யூனிட்டை மிச்சப்படுத்தும். நிலக்கரி மின்சாரமே மிகுந்த நம் நாட்டில், அது ஆண்டுக்கு 3 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவைத் தவிர்ப்பதாகும்.

அடுத்தது உலோகம். நெடுநாள் கடல்நீரில் கிடந்த வார்ப்பிரும்பு, வடிவம் மாறாமலே இரும்பை இழந்து, கத்தியால் சுரண்டினால் கரியாக உதிரும். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகான 304 வகையிலும் உப்புநீரில் குழி விழும். உப்புநீர் அரிப்பை அதைவிட நன்றாகத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு வகையான டூப்ளெக்ஸ் எஃகுக்கு விலை கூடுதல்தான். ஆயினும் அதையே பரிந்துரைக்கிறேன்.